பெட்டி மீனும் கொம்பு மீனும்: கடல்நீர்த் தொட்டி கேள்வி – பதில்

சதுரப் பெட்டி வடிவில் மெதுவாக நீந்தும் பெட்டி மீனையும், அதே குடும்பத்தில் நெற்றியில் இரண்டு கொம்புள்ள கொம்பு மீனையும் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. கடைகளில் இவற்றை பொக்ஸ்பிஷ், கௌபிஷ் என்று விற்கிறார்கள். இம்முறை பகுதி முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (உப்புவெளி வாசகி): மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட, விரல்நுனி அளவான பெட்டி மீன் ஒன்றைக் கடையில் பார்த்ததிலிருந்து என் மகள் அதைக் கேட்டு அடம்பிடிக்கிறாள். வீட்டில் 2 அடித் தொட்டி இருக்கிறது. கடல்நீர் விட்டு மூன்று கிழமை ஆகிறது. வாங்கலாமா?

பதில்: இந்தத் தொட்டிக்கு வேண்டாம். மகளிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் இப்போது வாங்கினால், சில மாதத்துக்குள் அதைவிடக் கஷ்டமான ஒன்றை அவளிடம் சொல்ல வேண்டி வரும்.

நீங்கள் பார்த்தது ஒஸ்ட்ராசியன் கியூபிகஸ் என்ற மஞ்சள் பெட்டி மீனின் குஞ்சு. விற்கும்போது 3, 4 செ.மீ. இருக்கும். கடலில் 45 செ.மீ. வரை வளரும். தொட்டியில் அந்த அளவுக்கு வராமல் போகலாம். என்றாலும் ஓர் அடி மீனுக்கு இடம் வைத்துத்தான் தொடங்க வேண்டும். உங்கள் தொட்டி 2 x 1 x 1 அடி என்றால் அதில் பிடிப்பது ஏறக்குறைய 56 லீற்றர். இந்த மீனுக்கு 6 x 2 x 2 அடி, அதாவது 680 லீற்றர் தேவை. மகள் ஆசைப்படும் அந்தப் பளிச்சென்ற மஞ்சளும் நிலைக்காது. வளர வளர நிறம் மங்கிக் கடுகு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் போய், பெரிய ஆண் மீன் நீலச் சாம்பலாகிவிடும்.

நீள்கொம்பு மீனும் (லக்டோரியா கோர்னூட்டா) வாலோடு சேர்த்து 46 செ.மீ. வரை போகும், அதற்கும் அதே தொட்டிதான். சாதாரண வீட்டுக்கு ஓரளவு பொருந்துவது முள்முதுகுக் கொம்பு மீன் (லக்டோரியா போர்னாசினி). பெரும்பாலும் 15 செ.மீ. அளவில் நிற்கும், கூடினால் 23. அதற்கு 4 x 1.5 x 1.5 அடி, சுமார் 250 லீற்றர் என்பது கீழ் எல்லை. கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட மெலியாகிரிஸ் வகையும் சிறியதுதான். ஆனால் உணவுக்குப் பழக்குவது பெரும்பாடு. முதல் பெட்டி மீனாக அதை எடுக்க வேண்டாம்.

தொட்டியின் வயது இரண்டாவது சிக்கல். மூன்று கிழமையில் கழிவைச் சிதைக்கும் பக்ரீரியா இன்னும் முழுதாக ஊன்றியிராது. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக வரவே வழமையாக 4 முதல் 6 கிழமை எடுக்கும். பெட்டி மீன் நாளுக்குப் பலமுறை தின்று நிறையக் கழிக்கும் மீன். தொட்டி ஆறு மாதமாவது ஓடி, நைத்திரேற்று (கழிவுச் சிதைவின் கடைசிப் பொருள்) 20 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 20 பங்கு) இற்குக் கீழ் சாதாரணமாக நிற்கும் நிலை வந்த பின்னரே இதை நினைக்கலாம். அதுவரை 4 அடித் தொட்டியொன்றில் ஒரு சோடி குளவுன் மீன் வளர்த்துப் பழகுங்கள். பிள்ளைக்கும் அது பிடிக்கும்.

ஒன்று கவனியுங்கள்: 680 லீற்றர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 700 கிலோ நிறை. கண்ணாடியும் கல்லும் மணலும் அதற்கு மேல். நிலத்தளத்தில், கொங்கிறீற் தரையில், மட்டம் பார்த்து வைக்க வேண்டியது. மாடி வீட்டுக்காரர் மேசனிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி (சாம்பல்தீவு வாசகர்): கடல் வீட்டிலிருந்து நடை தூரம். பக்கற்று உப்பு வாங்கிக் காசைக் கரைப்பதைவிட நேரே கடல்நீரை அள்ளி விட்டால் போதாதா? மாரியில் அள்ளிய நீரில் மீன் சோர்ந்துவிட்டது.

பதில்: போதும். ஆனால் அள்ளும் இடமும் காலமும் முறையும் சரியாக இருக்க வேண்டும். மாரியில் மீன் சோர்ந்ததற்கு உப்பளவு குறைந்தது காரணமாக இருக்கலாம். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவ மழையில் கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி வெள்ளம் இறங்குகிறது. சிறு ஆறுகளும் களப்பு முகங்களும் கரையோரமாக நன்னீரைத் தள்ளுகின்றன. நன்னீர் இலேசு என்பதால் மேற்பரப்பில்தான் நிற்கும். வாளியால் மேலாக அள்ளுபவருக்குக் கிடைப்பது அதுதான்.

உள்துறைமுகத்தில் அள்ளாதீர்கள், படகு எண்ணெய் இருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத் திறந்த கடலில், மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, அலை அடங்கிய காலையில், முடிந்தால் தோணியில் சில நூறு மீற்றர் உள்ளே போய் எடுங்கள். தண்ணீர்க் கானை மூடியபடி ஓர் அடி ஆழத்துக்கு அமிழ்த்தி அங்கே திறந்து நிரப்ப வேண்டும். நீர் பச்சையாகவோ செம்மையாகவோ தெரிந்தாலும், கரையில் நுரை ஒதுங்கியிருந்தாலும் வெறும் கானோடு திரும்பிவிடுங்கள். கான் உணவுக்குரிய பிளாஸ்ரிக்காக இருக்கட்டும்; மண்ணெண்ணெய், உரம் இருந்த கான் எத்தனை தரம் கழுவினாலும் உதவாது.

கொண்டுவந்த நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடித்து, உப்பளவு பாருங்கள். ஒரு துளி நீரில் பார்க்கும் ரிப்ரக்ரோமீற்றர் நல்லது. 25 பாகையில் ஒப்படர்த்தி (நன்னீரை 1.000 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.023 – 1.026 இற்குள் வர வேண்டும். மாரி நீர் 1.020 காட்டினால், 1.026 இற்கு வர லீற்றருக்கு 8, 9 கிராம் குறைவு என்று பொருள். 20 லீற்றர் கானுக்கு 160 – 180 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பைத் தனி வாளியில் கரைத்து, காற்றுக் குமிழி விட்டு, ஓர் இரவு கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கறிக்குப் போடும் உப்பு கூடாது. அது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட்டு. கடல்நீரில் உள்ள மக்னீசியம், கல்சியம், பைகாபனேற்று அதில் இல்லை.

பெட்டி மீன் வைத்திருப்பவருக்கு நாங்கள் சொல்லும் இன்னொரு வேலை, நீரைக் கிருமி நீக்கிப் பாவிப்பது. கடல்நீரோடு ஒட்டுண்ணியும் வரும். இந்த மீன் அதற்கு எளிதில் இரையாகும். வாசனை சேர்க்காத 5% பிளீச்சை 100 லீற்றருக்கு 40 மி.லீ. விட்டு (20 பி.பி.எம். குளோரின்), குமிழி ஓடவிட்டு 24 மணிநேரம் வையுங்கள். பின் குளோரினைப் போக்கும் சோடியம் தயோசல்பேற்று இட வேண்டும். 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம் என்பது கணக்கு. 100 லீற்றருக்கு அதிகபட்சம் 14 கிராம். ஒரு நாளில் குளோரினில் ஒரு பகுதி தானாகப் போயிருக்கும் என்பதால், சோதனைக் குச்சியில் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாக இட்டு, பூச்சியம் வந்ததும் நிறுத்துங்கள். குச்சி பூச்சியம் காட்டாத நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

4 அடித் தொட்டிக்குக் கிழமைக்கு 15% மாற்றினால் 38 லீற்றர், அதாவது இரண்டு கான். மூன்றாவதாகவும் நாலாவதாகவும் இரண்டு கான் எப்போதும் தயாராக நிற்கட்டும். ஏன் என்பது கிண்ணியா வாசகரின் கேள்வியில் வருகிறது.

கேள்வி (கிண்ணியா வாசகர்): ஒன்பது மாதமாக வைத்திருந்த கொம்பு மீன் ஒரே இரவில் செத்தது. கூட இருந்த நாலு மீனும் செத்துவிட்டன. முதல்நாள் பின்னேரம் கல்லை இடம்மாற்றினேன். மீனை வலையால் ஒதுக்கிப் பிடித்தேன். காலையில் நீரின் மேல் வெள்ளை நுரை. கடைக்காரர் தண்ணீர் பழசு என்கிறார். உண்மையில் என்ன நடந்தது?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: வலை, அதன்பின் நுரை. பெட்டி மீன் பயந்தாலோ காயப்பட்டாலோ தோலிலிருந்து பாகுடொக்சின் என்ற நஞ்சைச் சளியோடு வெளிவிடும். முதலில் ஒஸ்ட்ராசிடொக்சின் என்று அழைத்தார்கள். 1960களில் அதன் இரசாயன அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பமிலமும் கோலினும் சேர்ந்த, சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் அது. நுரை வருவது அதனால்தான். சுவாசிக்கும் நீரோடு மீனின் பூக்களுக்குள் (செவுள்களுக்குள்) போய், செங்குருதிக் கலங்களை உடைக்கிறது. மீன்கள் வேகமாக மூச்சு வாங்கி, நிலை தடுமாறி, சாய்ந்து விழும். கடலில் அலை அந்த நஞ்சைக் கலைத்துவிடும். தொட்டியில் போக வழியில்லை. விட்ட மீனே அதில் அகப்பட்டுச் சாகிறது.

நீர் பழசானால் அமோனியாவோ நைத்திரேற்றோ ஏறியிருக்கும். அன்றே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். இனி இப்படி நடந்தால் ஒரு சிறு போத்தலில் அந்த நீரை எடுத்துவையுங்கள். இரவில் மின்சாரம் போயிருந்தால் ஒட்சிசன் குறைந்தும் சாகலாம்; ஆனால் அதற்கு நுரை கட்டாது.

இதற்காகப் பெட்டி மீன் எந்நேரமும் நஞ்சு கக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பழகிய, வயிறு நிறைந்த, யாரும் தொந்தரவு செய்யாத மீன் வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் வாழும். பட்டினியாலும் வெண்புள்ளி நோயாலும் சாகும் பெட்டி மீன்களே அதிகம். நஞ்சுக்குப் பயந்து மீனை ஒதுக்குவதைவிட, மீனைப் பயமுறுத்தாமல் வைப்பதுதான் முழு வேலையும். வலை போடாதீர்கள், பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்ரிக் டப்பாவை நீருக்குள் அமிழ்த்தி, மீனை மெதுவாக அதற்குள் வரவிட்டு, நீரோடு சேர்த்துத் தூக்குங்கள். காற்றில் தூக்கவே கூடாது. காலையில் முதலில் அறை வெளிச்சம், கால் மணிநேரம் கழித்துத் தொட்டி விளக்கு. கண்ணாடியைத் தட்டும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பம்ப் உறிஞ்சும் வாய்க்கெல்லாம் கடற்பஞ்சோ வலைக் கூடோ போடுங்கள். இந்த மீன் பலமாக நீந்தித் தப்பாது; ஒட்டிக்கொண்டால் அங்கேயே நஞ்சு வெளிவரும். கல் இடம்மாற்றும் வேலை இருந்தால் முதலில் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

நுரையைக் கண்டால் அடுத்த சில நிமிடம்தான் முக்கியம். முதலில் மற்ற மீன்களைத் தயாராக வைத்த சுத்தமான கடல்நீர் வாளிக்கு மாற்றுங்கள். அந்த இரண்டு கானும் இதற்குத்தான். பெட்டி மீனைத் தனி வாளியில் போடுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். இரண்டு வாளிக்கும் காற்றுக் கல் போடுங்கள். செத்த மீன் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். பிறகு தொட்டி நீரில் பாதியை இறக்கிப் புது நீர் விடுங்கள். கையில் நீர் இருந்தால் அன்றே இன்னொரு தடவை. 250 லீற்றருக்கு அரைக் கிலோ அளவு புது அக்ரிவேற்றட் காபனை (அழுக்கை உறிஞ்சும் வடிகட்டிக் கரி) கழுவித் துணிப்பையில் போட்டு, நீர் வேகமாக ஓடும் இடத்தில் வைத்து, மறுநாள் தூக்கியெறிந்து புதியது போடுங்கள். நஞ்சு காபனில் ஒட்டும். புரோட்டீன் ஸ்கிம்மர் (குமிழியால் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) இருந்தால் பொங்கி வழியும். நிறுத்த வேண்டாம், அந்தக் கழிவு தொட்டிக்குள் திரும்பாமல் வாளியில் விழச் செய்யுங்கள். நுரை கட்டுவது நின்று, அமோனியா பூச்சியமாக ஒரு நாள் நின்ற பின்னரே மீன்களைத் திருப்பி விடலாம். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது.

உங்கள் தொட்டியைக் கொட்டிவிடத் தேவையில்லை. கல்லையும் வடிகட்டிப் பொருளையும் வெந்நீரிலோ குழாய் நீரிலோ கழுவ வேண்டாம். பக்ரீரியா அதில்தான் இருக்கிறது.

கேள்வி (மூதூர் வாசகி): கொம்பு மீன் குஞ்சு வாங்கி ஐந்து நாள். குருணைத் தீனி போட்டால் வாயில் எடுத்துத் துப்புகிறது. உடம்பு கெட்டி என்பதால் மெலிந்திருக்கிறதா என்றும் தெரியவில்லை. என்ன கொடுப்பது?

பதில்: எடுத்துத் துப்புவது நல்ல அறிகுறி, தின்ன நினைக்கிறது, பண்டம்தான் சரியில்லை. பட்டினியில் ஐந்து நாள் சின்னக் குஞ்சுக்கு நீளம். இன்றே தீனியை மாற்றுங்கள்.

மெலிவு பார்ப்பது இப்படி: இந்த மீனின் ஓடு அறுகோணத் தகடுகள் ஒட்டி உருவானது, மற்ற மீன்போல முழு உடம்பும் சுருங்காது. ஆகவே முன்பக்கமாக, கண்ணாடிக்கு நேரே வரும்போது பாருங்கள். அடிப்பக்கம் தட்டையாகவோ சிறிது புடைத்தோ இருக்க வேண்டும். அடிவயிறு உள்வாங்கியிருந்தால், இரு பக்க விளிம்புகளுக்கும் நடுவே தோல் குழிந்திருந்தால், பட்டினி முற்றியிருக்கிறது. வாங்கும்போதே இதைப் பார்ப்பது அவசியம். குழி விழுந்த குஞ்சை மலிவு என்று எடுக்காதீர்கள். கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லி, தின்றால் மட்டும் வாங்குங்கள்.

கடலில் நீள்கொம்பு மீன் மணலில் வாயால் நீரைப் பீய்ச்சி, கிளம்பும் புழுவையும் சிறு ஓட்டுயிரையும் பொறுக்கும். அதன் கண் தரையில் இருக்கிறது. ஆகவே மிதக்கும் தீனி வேண்டாம். மேலே வந்து காற்றையும் சேர்த்து விழுங்கும். முதல் சில நாளுக்கு உயிருள்ள ஆட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறு இறால் போன்ற உயிர்) கொடுங்கள். அது அசைவதைப் பார்த்தே வாயைத் திறக்கும். பிறகு ஆட்டீமியாவோடு பச்சைக் கூனி இறாலைக் கலந்து, நாளுக்கு நாள் கூனியைக் கூட்டுங்கள். காய்ந்த கூனியில் உப்பு கூட, அது வேண்டாம். பச்சையாகக் கிடைப்பதை நன்னீரில் அலசி, சிறு பொட்டலமாக உறையவைத்து, வேண்டும்போது உருக்கிப் போடுங்கள்.

மட்டி உங்கள் பக்கத்திலேயே தாராளம். ஒரு பச்சை மட்டியைப் பிளந்து, பாதி ஓட்டோடு மணலில் வைத்தால், எதையும் தொடாத மீனும் வந்து சதையைக் கொத்தும். சேற்று மணம் இல்லாத இடத்து மட்டியாக, ஒரு நாள் சுத்த நீரில் போட்டுக் கக்கவிட்டு எடுங்கள். மட்டியை மட்டுமே கொடுத்துவரக் கூடாது. பல மட்டி வகைகளில் தயமினை (விற்றமின் B1) சிதைக்கும் நொதியம் உண்டு, காலப்போக்கில் மீன் நிலை தடுமாறும். இறால், கணவாய், கூனி, மட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கிழமைக்கு இரண்டு தரம் மீன்களுக்குரிய விற்றமின் துளியில் ஊறவிட்டுக் கொடுங்கள். கணவாயையும் இறாலையும் 2, 3 மி.மீ. துண்டாக நறுக்க வேண்டும். வாய் சின்னது, பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு நிற்கும், தின்னாது. காய்ந்த கடற்பாசித் தாள் ஒரு துண்டையும் கல்லில் கட்டிவிடலாம்.

8 செ.மீ. இற்குச் சிறிய குஞ்சுக்கு நாளுக்கு நாலு வேளை, பெரியதற்கு இரண்டு வேளை. தீனி நேரத்தில் ஓட்டப் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மற்ற மீன்களுக்கு ஒரு மூலையில் முதலில் போட்டு அவற்றை அங்கே பிடித்துவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் பெட்டி மீனுக்கு முன்னால், தரைக்கு இரண்டு விரல் மேலே மெதுவாக விடுங்கள். வேகமாகப் பாயும் மீனோடு போட்டி போட அதனால் முடியாது. கால் மணிநேரத்தில் மிஞ்சியதை உறிஞ்சி எடுங்கள். சில கிழமையில் உங்கள் கையைக் கண்டால் மேலே வரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் உறைந்த தீனி எதையும் தின்னும்.

கேள்வி (திருக்கடலூர் வாசகர்): உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. கல்லில் உரசுகிறது. கடையில் செப்பு மருந்து தந்தார்கள். விடலாமா?

பதில்: விடாதீர்கள். பெட்டி மீன் செப்பு மருந்தை மோசமாகத் தாங்கும். நோயைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. கல்லும் மணலும் செப்பை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அந்தத் தொட்டியில் பிறகு இறாலோ நத்தையோ வாழாது.

முதலில் அது புள்ளிதானா என்று பாருங்கள். நீள்கொம்பு மீனின் ஓட்டில் அறுகோணக் கோடும் வெளிறிய நீலப் புள்ளியும் இயல்பாகவே உண்டு. நோய்ப் புள்ளி உப்புக் கல் அளவில், தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு, செட்டையிலும் வாலிலும் தெரியும். இரண்டொரு நாளில் மறைந்து, கிழமைக்குள் முன்னதைவிட அதிகமாக வரும். அதுதான் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பி விடுபவர்கள் அநேகர். உண்மையில் அது தரையில் விழுந்து பெருகிக்கொண்டிருக்கும். புள்ளி இல்லாமல் மாவு தூவியது போல மங்கி, மூச்சு மிக வேகமாக இருந்தால் அது வேறு நோய். கீழே சொல்லும் வைத்தியம் அதற்குப் பலிக்காது. தாமதிக்காமல் மீன் வைத்தியம் தெரிந்த மிருக வைத்தியரிடம் போங்கள்.

வெண்புள்ளிக்கு உப்புக் குறைப்பு வைத்தியம். கல், மணல் இல்லாத 80 – 100 லீற்றர் தனித் தொட்டியில், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டும் ஏற்கெனவே பக்ரீரியா ஊன்றிய பஞ்சு வடிகட்டியும் வைத்து, மீனை டப்பாவில் மாற்றுங்கள். இரண்டு நாளில் படிப்படியாக நன்னீர் சேர்த்து ஒப்படர்த்தியை 1.009 இற்கு இறக்குங்கள். 1.012 இல் நின்றால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். ஆகவே ரிப்ரக்ரோமீற்றரை முதலில் சுத்த நீரில் பூச்சியத்துக்குத் திருத்திவிட்டு அளக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து நாலு கிழமை அந்த அளவிலேயே வையுங்கள். ஆவியாகும் நீரால் உப்பு ஏறும், காலையும் மாலையும் அளந்து நன்னீர் விடுங்கள். பி.எச். (நீரின் அமில, கார அளவு) இறங்கும், 7.8 இற்குக் கீழ் போனால் அப்பச் சோடாவைச் சிறிது கரைத்துச் சேருங்கள். திரும்ப உப்பேற்றுவது 5 முதல் 7 நாளில் மெதுவாக. இறக்குவதைவிட ஏற்றுவதுதான் மீனுக்குக் கஷ்டம்.

அதே காலத்தில் பெரிய தொட்டியில் ஒரு மீனும் இருக்கக் கூடாது. ஒட்டுண்ணி மீனில்லாமல் பட்டினியில் அழிய 76 நாள் விடுவது பாதுகாப்பு. நீளம்தான். ஆனால் ஒரு மீனை உள்ளே விட்டுவைத்தால் மற்றதற்குச் செய்த வைத்தியம் முழுவதும் வீண்.

கேள்வி (உவர்மலை வாசகர்): கச்சான் காற்று வீசும் நாட்களில் தொட்டி நீர் 31 பாகை காட்டுகிறது. குளிரூட்டி வாங்க வசதியில்லை. மின்வெட்டு வேறு.

பதில்: 25 – 27 பாகை நல்லது, 28 தாங்கும். அதற்கு மேல் மூச்சுச் சிக்கல்: 25 பாகையில் லீற்றர் கடல்நீரில் 6.7 மி.கி. ஒட்சிசன் கரையும் என்றால் 30 இல் 6.2 தான், ஆனால் மீனுக்கோ சூட்டில் அதிகம் வேண்டும். மூடியை எடுத்துவிட்டு வலைச்சட்டம் போட்டு, நீர் மட்டத்துக்குக் குறுக்கே கணினிக் காற்றாடி இரண்டைச் சாய்வாகக் கட்டுங்கள். 2 முதல் 4 பாகை இறங்கும். கச்சான் உலர்ந்த காற்று என்பதால் அந்த நாட்களில் இது நன்றாகவே வேலை செய்யும். கார்த்திகை ஈரத்தில்தான் பலன் குறைவு. நீர் வேகமாக வற்றும், வற்றியதற்கு நன்னீர் மட்டும் விட வேண்டும், கடல்நீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்வெட்டுக்குப் பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். மூடி இறுக்கிய போத்தலில் ஐஸ் கட்டி மிதக்கவிடலாம். மணிக்கு 1 பாகைக்கு மேல் இறக்காதீர்கள்.

கேள்வி (பாலையூற்று வாசகர்): கூட எந்த மீன் விடலாம்?

பதில்: குளவுன், கார்டினல், கோபி போன்ற அமைதியானவை. கிளாத்தி, பேத்தை, பெரிய ஏஞ்சல், சண்டைக்கார டாம்செல் வேண்டாம். மற்ற மீனைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸும் வேண்டாம். இதன் தோலைக் கொத்திக்கொண்டே இருக்கும். கடற்சாமந்தியும் ஆகாது, மெதுவாகப் போகும் மீன் அதில் மாட்டும். அலங்கார இறாலும் குழாய்ப் புழுவும் விட்டால் பெட்டி மீனுக்குத் தீனி. ஒரு தொட்டிக்கு ஒரு பெட்டி மீன் போதும்.

கேள்வி (நிலாவெளிப் பள்ளி மாணவன்): அண்ணா, புறாமலைத் தீவுப் பக்கம் மஞ்சள் பெட்டி மீன் குஞ்சைப் பார்த்தேன். நானே பிடித்து வளர்க்கலாமா? பெரிதானால் கடலில் விட்டுவிடுவேன்.

பதில்: தம்பி, புறாமலை 1963 இலிருந்து சரணாலயம், 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து மீனோ முருகைக்கல்லோ சிப்பியோ எதுவும் எடுப்பது குற்றம். பூங்காவுக்கு வெளியேயும் தொட்டி அலங்காரத்துக்கென்று முருகைக்கல் பெயர்க்கக் கூடாது; அதற்குப் பதில் செராமிக் வளையமும் கருங்கல்லும் போதும்.

பிடிப்பதிலும் சிக்கல் உண்டு. துரத்தினால் குஞ்சு உன் வாளிக்குள்ளேயே நஞ்சு விட்டு வீடு வரும்முன் செத்துவிடும். மீன் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்: அது வேறு மீனோடு சேராமல் தனிப் பையில், நிறைய நீரோடு வர வேண்டும். பை நீரில் நுரை இருந்தால் மணிக்கணக்காகச் சொட்டு விட்டுப் பழக்காமல், உப்பளவும் வெப்பமும் பொருத்திய சுத்த நீருக்கு உடனே மாற்று. பை நீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

வளர்த்த மீனைக் கடலில் விடுவதும் சரியில்லை. கடை மீன் வேறு கடலிலிருந்து வந்திருக்கலாம், தொட்டியில் பிடித்த நோயையும் கொண்டுபோகும். பெரிதாகிவிட்டால் பெரிய தொட்டி உள்ளவரிடமோ விற்ற கடையிடமோ கொடுப்பதே வழி. வாங்கும் முன்பே எடுப்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள். அதுவரை முகமூடி போட்டு, காலால் கல்லைத் தொடாமல், குஞ்சு மறைந்திருக்கும் கிளை முருகைக்கு இரண்டு முழம் தள்ளி அசையாமல் மிதந்து பார். துரத்தாவிட்டால் அதுவே வெளியே வந்து பக்கச் செட்டையை விசிறிக்கொண்டு உன்னைச் சுற்றிப் பார்க்கும்.